மீட்ட ஊரைத் திருப்பிக் கொடுப்பவருக்கே ஓட்டு

வியூக ஆட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘சிவிலைசேஷன்’ என்ற கணினி ஆட்டத்தின் ஐந்தாம் பாகத்தில் உள்ள தூதரக வெற்றியை, அதாவது உலக வாக்கெடுப்பில் ஓட்டுகளால் வெல்வதைப் பற்றி எழுதியபோது, பிடித்த நகரத்தை அதன் பழைய உரிமையாளரிடமே ஒப்படைக்கும் ‘விடுவி’ என்ற தேர்வை ஒரு வரியில் கடந்துபோய்விட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கேள்வி: டேனியர்கள் கட்டிய நகரம் ஒன்றை மங்கோலியர்கள் பிடித்திருந்தார்கள். அவர்களோடு ஏறத்தாழ 20 சுற்றுகள் சண்டையிட்டு, பாதிப் படையை இழந்து, அதை நான் பிடித்தேன். இணைத்துக்கொள், கைப்பாவையாக்கு, இடித்துத் தள்ளு, விடுவி என்று நான்கு தேர்வுகள் திரையில் வந்தன. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை டேனியர்களுக்குத் தாரைவார்ப்பதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது?
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் அந்த நகரத்துக்காகச் செலவழித்ததை எண்ணுகிறீர்கள்; கைக்கு வந்த நகரம் அந்த நிமிடத்தில் என்ன மதிப்புப் பெறும் என்று எண்ணிப் பாருங்கள். பிடிபடும் நகரம் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. கட்டடங்களில் பல அழிகின்றன. சில சுற்றுகள்வரை அது கலகத்தில் கிடக்கிறது. உங்கள் பேரரசின் மகிழ்ச்சிக் கணக்கிலும் அது ஒரு பள்ளம் தோண்டுகிறது. 2013-இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ விரிவாக்கத்தில் இன்னொரு சுமையும் சேர்ந்தது: நடுத்தர அளவுள்ள வரைபடத்தில், கூடுதலாக வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நகரமும் அடுத்த தொழில்நுட்பத்தின் விலையை 5% உயர்த்துகிறது. எல்லையில் கிடக்கும், நூலகம்கூட இல்லாத, மூன்று பேர் வாழும் ஊருக்காக நீங்கள் ஆட்டத்தின் கடைசிவரை இந்த வரியைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுத்தாலோ, அந்தச் சுமைகள் அனைத்தும் வேறொருவர் தலைக்குப் போகின்றன. நன்றி மட்டும் உங்களிடம் தங்குகிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். இந்த ஆட்டத்தில் பிள்ளையார் அதற்கு வரமும் தருகிறார். கூடவே, வேடிக்கை பார்க்கும் மற்ற தலைவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். நகரம் பிடிப்பவரை அவர்கள் போர்வெறியர் என்று குறித்துவைக்கிறார்கள், அந்தக் கறை எளிதில் போவதில்லை. அதே விரிவாக்கத்தில், ஒரு நகரத்தை விடுவிப்பது அந்தக் கறையைக் குறைக்கும் என்ற விதி இருக்கிறது. ஆகவே மங்கோலியர்கள் தாமே நிறுவிய நகரம் ஒன்றை உங்களுக்காக வைத்துக்கொண்டு, அவர்கள் பிறரிடமிருந்து பறித்த நகரங்களை விடுவித்தால், ஒரே போரில் லாபமும் கிடைக்கும், கெட்ட பெயரும் ஏறக்குறைய ஈடுகட்டப்பட்டுவிடும். போருக்குப் போகுமுன் எதிரியின் நகரங்களில் எவை அவருடையவை, எவை திருட்டுச் சொத்து என்று வரைபடத்தில் பிரித்துப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

என் சொந்த ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நான் சயாம், தலைவர் ராம்கம்ஹெங். நட்பான நகர அரசுகள் (ஒரே ஊரோடு தனித்து நிற்கும் சிறு அரசுகள்) தரும் உணவும் பண்பாடும் சயாமுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். வடக்கே செங்கிஸ் கான். நகர அரசுகளோடு மோதும்போது அவருடைய படைக்கு 30% கூடுதல் வலிமை உண்டு என்பதால் அவர் கை எப்போதும் அந்தப் பக்கமே நீளும். இடைக்காலத்தில் அவர் ஒரு நகர அரசைப் பிடித்தார். நான் மூன்று கல்லெறி பொறிகளையும் இரண்டு நரேசுவான் யானைகளையும் ஆற்றோரமாக நகர்த்தினேன். குதிரைப்படையை எதிர்க்கும்போது அந்த யானைக்குச் சிறப்பு வலிமை உண்டு, மங்கோலியர்களிடம் இருந்ததெல்லாம் குதிரையும் குதிரைமேல் வில்லாளியும்தான். நகரம் விழுந்தது; விடுவித்தேன். அந்த ஊர் உடனே என் நேச அரசாகி, கடல்வழி நகர அரசு என்பதால் என் நகரங்களுக்கெல்லாம் உணவு அனுப்பத் தொடங்கியது. நேச அரசு தன் காப்பாளரின் போரிலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அடுத்த சுற்றிலேயே அதன் மதிலிலிருந்து மங்கோலியர்மேல் அம்புகள் பறந்தன. அதே ஊரைக் கைப்பாவையாக, அதாவது என் உடைமையாக ஆனால் தன்னைத்தானே நிர்வகிக்கும்படி, வைத்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது சுற்றுக்குச் சில காசுகளும் முணுமுணுக்கும் குடிமக்களும்தான்.

கேள்வி: அழிந்துபோன நாகரிகத்தை உயிர்ப்பித்தால் அது நமக்கே ஓட்டுப் போடும் என்று எழுதியிருந்தீர்கள். நான் விளையாடும் பதிப்பில் அப்படி நடக்கவில்லையே? மேலும், பல கை மாறிய நகரமாக இருந்தால் யாருக்குப் போகும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் பலரும் அதில்தான் தவறுகிறார்கள். ஆட்டம் கடைசியாக யார் வைத்திருந்தார்கள் என்று பார்ப்பதில்லை. முதன்முதலில் யார் நிறுவினார்கள் என்று மட்டும் பார்க்கிறது. டேனியர்கள் நிறுவி, மங்கோலியர்கள் பறித்து, அவர்களிடமிருந்து உதுமானியர்கள் பறித்த நகரத்தை நீங்கள் உதுமானியரிடமிருந்து மீட்டால், விடுதலை டேனியருக்கே. இடையில் இழந்த மங்கோலியருக்கு அதில் பங்கு இல்லை. டேனியர்கள் எல்லா நகரங்களையும் இழந்து ஆட்டத்தைவிட்டே போயிருந்தாலும், அந்த ஒரு நகரத்தோடு அவர்கள் மீண்டும் எழுந்து வருவார்கள்.

ஓட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான்தான் பதிப்பைக் குறிப்பிடாமல் எழுதிவிட்டேன். 2010-இல் வந்த மூல ஆட்டத்திலும், 2012-இல் வந்த ‘காட்ஸ் அண்டு கிங்ஸ்’ விரிவாக்கத்திலும் ஐக்கிய நாடுகள் சபையைக் கட்டியபின் உலகத் தலைவருக்கான வாக்கெடுப்பு நடக்கும். அங்கே ஒவ்வொரு நாகரிகமும் தனக்குத்தானே வாக்களித்துக்கொள்ளும். எவ்வளவு தங்கம் கொடுத்து நட்புப் பாராட்டினாலும் இன்னொரு பேரரசின் ஓட்டு உங்களுக்கு வராது. இந்தப் பூட்டுக்கு இருந்த ஒரே சாவி உயிர்ப்பித்தல்தான். உங்களால் மீண்டும் எழுந்த நாகரிகம் உங்களுக்கு வாக்களிக்கும். நீங்கள் விடுவித்த நகர அரசும் அப்படியே, நேச அரசு என்று வேறு யார் அதற்குப் பணத்தைக் கொட்டினாலும் தன்னை மீட்டவருக்கே போடும். தங்கத்தால் வாங்கிய ஓட்டைக் கடைசிச் சுற்றில் இன்னொருவர் அதிக விலை கொடுத்துப் பறித்துவிட முடியும், மீட்டதால் வந்த ஓட்டை அப்படிப் பறிக்க முடியாது. அந்தக் காலத்துத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பணப்பெட்டியைவிடக் கல்லெறி பொறியை நம்பியது இதனால்தான்.

‘பிரேவ் நியூ வேர்ல்டு’ வந்தபின் உலகப் பேரவையும் பிரதிநிதிகள் முறையும் அந்த இடத்தைப் பிடித்தன. இப்போது எடை நகர அரசுகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு நேச நகர அரசு உங்கள் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நேச அரசாக இருக்கச் செல்வாக்கு 60 புள்ளியைத் தொட வேண்டும், மற்ற யாரையும்விட அதிகமாகவும் இருக்க வேண்டும், அதோடு அது சாதாரணமாகச் சுற்றுக்கு ஒரு புள்ளி வீதம் தேய்ந்துகொண்டே வரும். விடுவித்தல் ஒரே தாவலில் உங்களை அந்த உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனால் அது நிரந்தரப் பட்டா அன்று. பேரவை கூடும்போது செல்வாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்து, வேண்டிய தங்கத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பக்கத்து நகர அரசு விழும்வரை கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விழுந்தபின் போய் மீட்பதுதானே லாபம்?
– வாசகர், மதுரை

பதில்: கணக்குப்படி ஆம். விழுமுன் காப்பாற்றினால் அதற்கு நன்றி சொல்ல அங்கே ஏறக்குறைய விதியே இல்லை. விழுந்தபின் மீட்டால்தான் ஆட்டம் உங்களை வள்ளல் என்கிறது. வடிவமைப்பாளர்கள் இதை விரும்பிச் செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

காத்திருப்பவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த நகர அரசைக் காப்பதாக வாக்குறுதி கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆக்கிரமிப்பவர் உங்களைவிட வேகமாக வளர்பவராக இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றும் அவருடைய மதிலை உயர்த்துகிறது. நகரம் அவருடைய நிலப்பரப்பின் நடுவே இருந்தால் அதை மீட்கப் போகும் வழியில் நான்கு நகரங்களைத் தாண்ட வேண்டியிருக்கும், அதில் கிடைக்கும் கெட்ட பெயரை ஒரு விடுதலை கழுவாது. கடலோரமோ உங்கள் எல்லையோரமோ இருக்கும் நகர அரசுகளுக்கு மட்டுமே இந்தக் காத்திருப்பு பொருந்தும்.

பெரிய போர் வேண்டாம் என்பவருக்கு இதன் குட்டி வடிவம் ஒன்று ஆரம்பத்திலேயே இருக்கிறது. காட்டுமிராண்டிகள் நகர அரசின் தொழிலாளரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவரை நீங்கள் மீட்டால், வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று ஆட்டம் கேட்கும். பலர் ஒரு தொழிலாளர் இலவசமாகக் கிடைத்தார் என்று மகிழ்ந்து வைத்துக்கொள்கிறார்கள். திருப்பிக் கொடுத்தால் வரும் செல்வாக்கைத் தங்கம் கொடுத்து வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு பாபிலோனை உயிர்ப்பித்தேன். எட்டுச் சுற்றுகளில் அதே எதிரி மறுபடியும் அதை விழுங்கிவிட்டான். ஓட்டும் போயிற்று, நகரமும் போயிற்று, என் யானைகளும் போயின.
– ‘ஏமாந்த’ வாசகர், திருச்சி

பதில்: மன்னிக்க வேண்டும், ஆனால் உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். எதிரியின் இரண்டு நகரங்களுக்கு நடுவே, மதில் இல்லாத, ஒரே ஒரு ஊரோடு பாபிலோனை எழுப்பிவிட்டு, உங்கள் படையை அடுத்த முற்றுகைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். உயிர்ப்பிக்கப்பட்டவர் படையோடு வருவதில்லை. குழந்தையை நடுத்தெருவில் இறக்கிவிட்டதுபோலத்தான் அது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. விடுவிக்கும் தேர்வு நகரத்தைப் பிடிக்கும் அந்தக் கணத்தில் ஒருமுறைதான் வரும். கைப்பாவையாக வைத்திருந்து வாக்கெடுப்பு நெருங்கும்போது விடுவிக்கலாம் என்றால் முடியாது. ஆகவே தள்ளிப்போட வேண்டியது பிடிப்பதைத்தான். கல்லெறி பொறி, பீரங்கி போன்ற தொலைவிலிருந்து தாக்கும் படைகளால் நகரத்தின் வலிமையைத் தரைமட்டமாக்கலாமே தவிர, அவை உள்ளே நுழைய முடியாது. உள்ளே போக வாள்வீரரோ யானையோ போன்ற கைகலப்புப் படை ஒன்று வேண்டும். நகரம் சுற்றுதோறும் கொஞ்சம் தேறிக்கொள்ளும். பீரங்கிகள் அதைத் தேறவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கட்டும், வாள்வீரர் பக்கத்துக் கட்டத்தில் காத்திருக்கட்டும். அதற்குள் சுற்றியுள்ள எதிரிப் படையை ஒழித்து, அவருடைய அருகிலுள்ள நகரத்தில் ஒன்றையாவது உங்கள் கைக்குக் கொண்டுவந்து, வாக்கெடுப்புக்குச் சில சுற்றுகள் இருக்கும்போது உள்ளே நுழையுங்கள். ஐக்கிய நாடுகள் கட்டி முடியும் நேரத்தையும் முற்றுகையையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு விளையாடிய நாள்கள் எனக்கு உண்டு. வீட்டில் அதைக் கல்யாண முகூர்த்தக் கணக்கு என்று கிண்டல் செய்வார்கள்.

கேள்வி: ஆறாம் பாகத்தில் இது எடுபடுமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: எடுபடும், ஆனால் ஆட்டம் உங்களை எதிர்பார்த்துத் தயாராக இருக்கிறது. 2016-இல் வந்த ஆறாம் பாகத்தில் விடுதலைப் போர் என்பதே போருக்கான முறையான காரணங்களில் ஒன்று. ‘டிப்ளோமேட்டிக் சர்வீஸ்’ என்ற சிவிக் (பண்பாட்டுப் புள்ளிகளால் பெறும் சமூக முன்னேற்றம்) கிடைத்தபின், உங்கள் நண்பரிடமிருந்தோ கூட்டாளியிடமிருந்தோ நகரம் பறித்தவர்மேல் அதைக் காரணம் காட்டிப் போர் தொடுத்தால் போர்வெறியர் என்ற பழி ஒட்டாது. இதன் பொருள், நகரம் இழக்கப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே ஊகித்து அவரோடு நட்பு அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது. வலிமையானவரோடு நட்புக் கொள் என்பதுதான் பழைய அறிவுரை. இங்கே பலவீனமானவரின் நட்புதான் முதலீடு.

சில தலைவர்களுக்கு இதையே தொழிலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜான் கர்ட்டின் ஒரு நகரத்தை விடுவித்தால் 20 சுற்றுகளுக்கு அவருடைய உற்பத்தி இரட்டிப்பாகும். ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ் ‘டிஃபென்சிவ் டாக்டிக்ஸ்’ என்ற சிவிக்கோடே, அதாவது மற்றவர்களைவிட முன்னதாகவே, விடுதலைப் போரை அறிவிக்கலாம். அறிவித்த முதல் 10 சுற்றுகளுக்கு உற்பத்தி இரட்டிப்பு, படைகளுக்கு இரண்டு கட்டம் கூடுதல் நகர்வு. கவனியுங்கள்: கர்ட்டினுக்கு விடுவித்தால்தான் பலன், புரூஸுக்கு அறிவித்தாலே பலன். புரூஸாக விளையாடிய நான் ஒருமுறை போரை அறிவித்துவிட்டு, அந்தப் பத்துச் சுற்றும் ஒரு வீரரைக்கூட எல்லை தாண்ட விடாமல் தொழிற்பேட்டைகள் கட்டிக்கொண்டிருந்தேன்.

2018-இல் ‘ரைஸ் அண்டு ஃபால்’ கொண்டுவந்த விசுவாசம் என்ற கணக்கும் விடுவிப்பவர் பக்கமே இருக்கிறது. உங்கள் நிலத்திலிருந்து தள்ளியிருக்கும் நகரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் அது கலகம் செய்து நழுவிவிடும், ஆகவே எப்படியும் போகப் போவதைக் கொடுத்துப் பெயர் வாங்குவது மேல். நெருக்கடிநிலை அறிவிப்புகளும் அதே விரிவாக்கத்தில் வந்தவைதான்: ஒருவர் நகர அரசைப் பிடித்தால் மற்றவர்கள் சேர்ந்து குறித்த காலத்துக்குள் அதை மீட்க வேண்டும், மீட்டால் அவர்களுக்குப் பரிசு, தவறினால் பிடித்தவருக்குப் பரிசு. கணினித் தலைவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பார்கள். நீங்கள் ஒருவர் போய் வேலையை முடிக்க முடியும் என்றால் மட்டும் சேருங்கள்.

கேள்வி: பிறர் ஊரை மீட்டுக் கொடுத்துச் செல்வாக்குத் தேடுவது வரலாற்றில் உண்மையிலேயே நடந்திருக்கிறதா, அல்லது ஆட்டத்துக்காகச் செய்த கற்பனையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். முதலில் கிரேக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 197-இல் மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப்பைக் கைனோஸ்கெஃபலே போரில் வென்ற ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ், அடுத்த ஆண்டு கொரிந்துக்கு அருகே நடந்த இஸ்துமிய விளையாட்டுகளில், கிரேக்க நகரங்கள் சுதந்திரமானவை என்று அறிவிக்கச் செய்தார். கி.மு. 194-இல் கொரிந்துக் கோட்டையிலும் கால்கிஸிலும் டெமெட்ரியாஸிலும் இருந்த காவற்படைகளையும் விலக்கிக்கொண்டார். ஒரு நகரத்தைக்கூடத் தன் பெயரில் எழுதிக்கொள்ளாமல், கிரேக்கத்தின் தகராறுகளுக்கெல்லாம் ரோமை நடுவராக்கிவிட்டார். அதே ரோம் கி.மு. 146-இல் கொரிந்தை அழித்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி உங்கள் ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்தான். தஞ்சையையும் உறையூரையும் எரித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகப் பேசுகிறது. பிறகு நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். கல்வெட்டுகளில் அவனுக்குக் கிடைத்த அடைமொழி ‘சோணாடு வழங்கியருளிய’ என்பது. நாட்டைப் பிடித்தவனைவிட, பிடித்ததை வழங்கியவன் பெரியவன் என்று அந்தச் சொல் நிறுத்துப் பார்த்திருக்கிறது. ஆட்டத்தின் பொத்தானுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் நான் ‘வழங்கியருள்’ என்றே வைப்பேன்.

ஆனால் சோழனை நிலைநிறுத்திய பெருமைக்கு இன்னொருவரும் போட்டி போட்டார். ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் சோழ மன்னன் மூன்றாம் இராஜராஜனுக்குத் துணையாக வந்து, ‘சோழராஜ்ய பிரதிஷ்டாசாரியன்’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். பின்னர் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் இராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தபோது, நரசிம்மனின் தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) படையோடு வந்து மீட்டார்கள். கடலூருக்கு அருகேயுள்ள திருவந்திபுரக் கல்வெட்டு அந்தப் படையெடுப்பை ஊர் ஊராக விவரிக்கிறது. மீட்டவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்களா? இல்லை. திருவரங்கத்துக்கு வடக்கே கண்ணனூரில் ஹொய்சளர்கள் தங்கள் தலைநகர் ஒன்றையே அமைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் பாகத்தில் விடுவித்த நாகரிகத்தின் பக்கத்தில் படையை நிறுத்திவைக்காமல் போனதாகத் திருச்சி வாசகரை மேலே குறைசொன்னேனே, அவர் செய்யாததை அந்தத் திருச்சிக்குப் பக்கத்திலேயே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: நண்பர்களோடு ஆறாம் பாகம் விளையாடும்போது, ஒருவர் நகர அரசைப் பிடிக்க, கர்ட்டினாக இருக்கும் மற்றவர் அதை மீட்க, மறுபடி அவர் பிடிக்க என்று இருவர் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: கணினியோடு தனியாக விளையாடும்போது விதி அனுமதிக்கும் எதையும் செய்யுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் மனிதர் என்றால், இருவர் பேசிவைத்துச் சுற்றும் செக்கில் அரைபடுவது மூன்றாமவரின் மாலைப்பொழுது. எங்கள் குழுவில் ஆட்டம் தொடங்குமுன் ஒரு விதியை வாயால் சொல்லிக்கொள்கிறோம்: ஒருமுறை விடுவிக்கப்பட்ட நகரத்தை மீண்டும் பிடிப்பவர், அதை மறுபடி விடுவிக்கும் வாய்ப்பைத் தன் கூட்டாளிக்குக் கொடுக்கக் கூடாது, வேறொருவர் வந்துதான் மீட்க வேண்டும். இதை ஏற்காத இருவர் குழுவில் இருந்தால் கர்ட்டினைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.